தொழிலுக்கு ஓர் ஆலோசகர்
(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவருட் பலர் கடையும் பட்டறையும் நடத்துவோர். தொழில் தளருமிடத்து, “ஆட்கள் சரியில்லை” என்று முதலாளியும், “யந்திரம் சரியில்லை” என்று ஆட்களும் கூறக் கேட்கின்றோம். நோய் இன்னதென்றறியாது மருந்து தேடுதல் போல்வது இது. இந்நிலையில் நிர்வாக ஆலோசகர் என்பார் ஆற்றும் உதவி யாது என்பதை ஓர் உண்மை நிகழ்ச்சியால் விளக்கப் புகுகின்றேன்.

ஆமதாபாத்தில் காலிகோ ஆலைக் கம்பெனிக்குரிய ஜூபிலி ஆலையில் 1952-ஆம் ஆண்டு தானியங்கித் தறிகள் அமைக்கப்பெற்றன. தறிகள் புதியன, ஆயினும் எதிர்பார்த்த அளவு வேலை நடந்திலது, பழுதுபட்ட துணியோ மிகுந்தது. 1953-இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சார்ந்த ஏ. கே. ரைஸ் என்பார் ஆலோசகராக அங்கு வந்தார்.

வந்தவர் எவரையும் பழித்திலர். தறிச்சாலையை உற்று நோக்கினார். 224 தறிகளை 29 தொழிலாளர் நடத்தினர். அவர்தம் வேலையோ 12 வகையாகப் பிரிந்து கிடந்தது. நெசவாளி ஒருவர் 24 அல்லது 32 தறிகளைப் பார்ப்பார். தார் நிரப்புபவர் 40 முதல் 50 வரை பார்ப்பார். அறுந்த பாவைச் சீர்செய்பவர் ஏறத்தாழ 75 தறிகளைப் பார்ப்பார். இவ்வெல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஆதலின், தம்மோடு சேர்ந்து உழைப்பவர் இன்னாரென்று ஒருவருக்கும் தெளிவில்லை. துணி பழுதானால் பொறுப்பேற்பார் யார்? குற்றம் ஆளிடத்தும் இல்லை, தறியினிடத்தும் இல்லை. வேலையைப் பங்கிட்ட முறையிலே இருந்தது.

ஒரு தறித்தொகுதிக்கு ஒரு தொழிலாளர் குழு என்பதே அவர் கூறிய யோசனை. அதனை அவர் கட்டளையாக இட்டிலர்; மேலாளரோடும் மேற்பார்வையாளரோடும் கலந்து பேசினார். செய்தியறிந்த தொழிலாளரோ தாமே முன்வந்து தங்கள் குழுக்களை அமைத்துக்கொண்டனர். தொடக்கத்துத் தடுமாற்றம் நீங்கியபின் உற்பத்தி உயர்ந்தது, பழுது குறைந்தது.

இதனால் நாம் அறியத்தக்கது யாது? நாள்தோறும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தன் வீட்டுக் கோணல் தெரியாது. புறத்தேயிருந்து வந்தவர் கண்ணுக்கு அது தெரியும். அங்ஙனம் கண்டு காட்டுதலே ஆலோசகர் தொழில். மருந்தை உண்டு பத்தியம் காத்தல் நம் கடமை. பல்லாண்டுகட்குப்பின் எரிக் மில்லர் என்பார் அவ்வாலைத் தறிச்சாலைகளை மீண்டும் ஆராய்ந்து 1975-இல் எழுதினார். ஒரு சாலையில் குழுமுறை நிலைத்திருந்தது; மற்றவற்றில் தளர்ந்துபோயிருந்தது. காப்பாரில்லாத சீர்திருத்தம் நில்லாது என்பதற்கு இதுவே சான்று.

முன்னரே தாம் துணிந்த ஆட்குறைப்புக்குப் பிறர் ஒப்பம் வேண்டி ஆலோசகரை அழைப்பாரும் உளர். அது வைத்தியரைப் பொய்ச்சீட்டுக் கேட்பது போலாம். அவ்வாறு செய்யற்க!

திருவள்ளுவனார் 45-ஆம் அதிகாரத்திற்குப் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்றே பெயரிட்டார். துணையாகக் கொள்க என்றாரேயன்றி, நம் பொறுப்பை அவர் தலையில் ஏற்றுக என்றாரில்லை. ஆதலின், அறிந்தாரைக் கேளுங்கள். கேட்குமுன் உங்கள் கடையில் உழைப்பாரையும் ஒருமுறை கேளுங்கள்.