கையெழுத்துக்கு முன் பத்து நிமிடம்

(நூற்றாண்டு விழாவையொட்டி, சட்டத்துறையில் இருக்கும் பழைய மாணவியர் இருவர் உயர்தர வகுப்பு மாணவியர் முன்னிலையில் சேர்ந்து ஆற்றிய உரை)



நாங்கள் இருவரும் இந்தக் கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இன்று ஒருத்தி யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியும் நொத்தாரிசும். மற்றவள் கொழும்பில் கம்பனிகளுக்கு ஒப்பந்தங்கள் எழுதுபவள். ஒப்பந்தச் சட்டம் படிப்பது எப்படி, அதைத் தொழிலாகக் கொள்வது எப்படி என்று உங்களுக்குச் சொல்லும்படி சங்கத்தார் கேட்டார்கள்.

சட்டம் என்றால் குற்றவாளிக் கூண்டும் குறுக்கு விசாரணையும்தான் என்று நாங்களும் எண்ணியிருந்தோம். புதுக்கடையில் சட்டக் கல்லூரிக்குப் போன பின்புதான், காலையில் பஸ்ஸில் ரிக்கெற் எடுத்ததும் ஓர் ஒப்பந்தம், அறைக்கு வாடகை பேசியதும் ஓர் ஒப்பந்தம் என்று விளங்கியது.

நம் நாட்டு ஒப்பந்தச் சட்டத்தின் அடித்தளம் உரோம-டச்சுச் சட்டம். ஆங்கிலச் சட்டம், வாக்குக் கொடுத்தவருக்குப் பதிலாக என்ன கிடைத்தது என்று கேட்கும். நம் சட்டம், நியாயமான காரணத்தோடு மனமறிந்து கொடுத்த வாக்கா என்று கேட்கும். 1918இல் ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய வழக்கில் கோமறைக் கழகம் இதை உறுதிசெய்தது. ஆனால் பொருள் விற்பனைக்கு வந்தால், 1896ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஆங்கில வழியில் போகும். இந்தக் கலப்புத்தான் படிப்பவருக்குத் தலையிடி, சுவையும் அதுவே. சி. ஜி. வீரமந்திரி அவர்கள் 1967இல் வெளியிட்ட இரண்டு பெரும் பாகங்களையும், தமிழில் படித்து வந்த நாங்கள் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று தரம் வாசித்தோம். மெதுவாக வாசிக்கும் அந்தப் பழக்கமே பின்னர் எங்கள் தொழிலாயிற்று.

சத்தியப்பிரமாணம் செய்து இரண்டாம் வருடம். யாழ்ப்பாணத்தில் இருந்தவளிடம் ஒரு தாய் வந்தார். மகனை வெளிநாட்டுக்கு அனுப்பக் கடன் வாங்கி, வீடுவளவை ஈடு வைத்ததாக நினைத்திருந்தார். உறுதியைப் பிரித்தால் அது ஈடே அல்ல, விற்பனை. குறித்த தவணைக்குள் பணத்தைக் கட்டினால் காணி திருப்பி எழுதப்படும் என்று ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. தவணை முடிந்து நான்கு மாதமாகியிருந்தது.

"பிள்ளை, அவை ஈடு எண்டுதானே சொன்னவை" என்றார்.

வாயால் சொன்னது காணி விடயத்தில் நிற்காது. 1840ஆம் ஆண்டு மோசடித் தடைக் கட்டளைச் சட்டப்படி காணி கைமாற எழுத்து வேண்டும். நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வேண்டும். ஏமாற்றைத் தடுக்க வந்த சட்டமே அன்று அந்தத் தாய்க்கு எதிரே நின்றது.

கொழும்பில் இருந்தவள் பல இரவுகள் பழைய தீர்ப்புகளைப் புரட்டினாள். 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவில் ஒரு வழி இருந்தது. எழுதிக் கொடுத்தவர் காணியின் பயனைக் கைவிட எண்ணவில்லை என்று சூழ்நிலைகள் காட்டினால், வாங்கியவர் அதை எழுதிக் கொடுத்தவருக்காகவே வைத்திருப்பவர் ஆவார். அந்தத் தாய் தொடர்ந்து அந்த வீட்டிலேயே குடியிருந்தார். விலையோ காணியின் பெறுமதியில் கால்வாசியும் இல்லை. வட்டி கட்டிய துண்டுகளைச் சாமியறைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தார். வழக்கு ஆறு வருடம் ஓடிச் சமரசத்தில் முடிந்தது. வீடு நின்ற பகுதி திரும்பி வந்தது, பின்வளவு போயிற்று.

அந்த உறுதியின் அடியில் "வாசித்து விளக்கப்பட்டது" என்று எழுதியிருந்தது. ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை என்றார் தாய். பத்து நிமிட வேலை. அன்று முதல், வாசித்துக் கேட்காத எவரிடமும் நாங்கள் கையெழுத்து வாங்குவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், கணவரின் எழுத்துச் சம்மதமின்றித் தன் காணியை விற்க முடியாது என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது. கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றம் அந்த அதிகாரத்தை வழங்கலாம் என்றும் அது சொன்னது. யுத்தத்தில் கணவரைத் தொலைத்தவர்கள் இதற்காக வந்தார்கள். "எங்கே என்று தெரியாது" என்ற வரியில் கையெழுத்து வைக்க அவர்கள் பட்ட பாட்டை எந்தப் பாடநூலிலும் நாங்கள் படிக்கவில்லை.

கொழும்பு வேலை வேறு மாதிரி. 2020இல் கொரோனா வந்து ஆடைத் தொழிற்சாலைகளின் ஓடர்கள் நின்றபோது, வழக்கமாக எவரும் வாசிக்காத கடைசிப் பக்கத்து வாசகங்களே யார் நட்டத்தைத் தாங்குவது என்பதைத் தீர்மானித்தன. செய்யவே முடியாமற் போவது வேறு, செலவு கூடிப்போவது வேறு. 2022இல் டொலர் ஏறியபோது பலர் இந்த வேறுபாட்டைக் கசப்போடு கற்றார்கள்.

தங்கைமாரே, வழி பல உண்டு. கொழும்பு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களிலோ திறந்த பல்கலைக்கழகத்திலோ சட்டம் படிக்கலாம். நுழைவுப் பரீட்சை எழுதிச் சட்டக் கல்லூரிக்கும் போகலாம். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளும் ஆறு மாதப் பயிற்சியும் முடிந்த பின்பே சத்தியப்பிரமாணம். ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம்; ஆனால் அதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். தமிழையும் விடாதீர்கள். எங்களிடம் வரும் தாய்மாருக்கு உறுதியை விளக்குவது தமிழில்தான்.

உலகெங்கும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் அக்கா தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. ஊர்க் காணிக்காக அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்புகிறீர்கள். எந்தக் காணி, என்ன செய்வதற்கு, எதுவரை என்று தெளிவாக எழுதுங்கள். சொந்தம் என்பதற்காக வெற்றுக் கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். சட்டம் படிக்கும் நம் கல்லூரிப் பிள்ளை ஒருத்தி பயிற்சிக்கு இடம் தேடினால், உங்களுக்குத் தெரிந்த கதவைத் தட்டிக் கொடுங்கள். எங்களுக்கும் ஓர் அக்கா அப்படித்தான் செய்தார்.