ஆலைக் கழிவும் மீன் குஞ்சும்

திருவான்மியூர்க் கடற்கரையில் வடக்கு நோக்கி நடந்தால், பெசன்ட் நகரைக் கடந்து அடையாற்றின் முகத்துவாரத்தை அடையலாம். மடவை மீன் கடலில் முட்டையிடுகிறது; அதன் குஞ்சுகள் இத்தகைய கழிமுகங்களுக்குள் வந்து வளர்கின்றன. வட அமெரிக்காவின் சால்மன் மீனோ, ஆற்றிற் பிறந்து, வளர்ந்தபின் கடலுக்குச் செல்கிறது. இரண்டிற்கும் ஆற்றுநீரே தொட்டில். அத்தொட்டிலில் ஆலைக் கழிவு கலந்தால் யாது நேரும்?

மரத்தின் நார்களைப் பிணைத்து நிற்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். மரக்கூழ் ஆலையில் மரத்துண்டுகளை இரசாயனங்களுடன் வேகவைத்து அதனைப் பிரிக்கிறார்கள். எஞ்சும் கரிய நீரில் லிக்னினும், மரத்தின் சர்க்கரைப் பொருள்களும், பிசின் அமிலங்களும் அடங்கியிருக்கும். அந்நீர் தூய்மை செய்யப்படாமல் ஆற்றை அடைந்தால், நுண்ணுயிர்கள் அவ்வுணவைத் தின்று பெருகி, நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவழித்துவிடுகின்றன. பிசின் அமிலங்கள் செவுள்களைத் தாக்குகின்றன. பெரிய மீன் விலகி நீந்தும்; குஞ்சு எங்கே செல்லும்? நம் நாட்டில் இடர் இன்னும் மிகுதி. 10 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே கொள்ளும்.

கோவை மாவட்டத்துச் சிறுமுகையில், பவானியாற்றங்கரையில், மரக்கூழிலிருந்து செயற்கை இழை செய்யும் ஆலை ஒன்று இருந்தது. அதன் கழிவு ஆற்றிலும், 1955இல் கட்டி முடிக்கப்பெற்ற பவானிசாகர் நீர்த்தேக்கத்திலும் கலந்தது. ஆற்றை நம்பி வாழ்ந்தோர் போராடினர், வழக்காடினர். கேரளத்தில் சாலியாற்றங்கரை மாவூர்க் கூழ் ஆலையும் நெடிய போராட்டத்தைக் கண்டது, 2001இல் மூடப்பட்டது. சிறுமுகை ஆலையும் இன்று இயங்கவில்லை.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் பிறந்தது. பின்னர் வந்த விதிகளில் ஒரு சோதனை உண்டு. கழிவுநீரில் மீன்களை விட்டு 96 மணி நேரம் பார்க்கவேண்டும்; நூற்றுக்குத் தொண்ணூறு மீன்கள் பிழைத்திருக்க வேண்டும். நல்ல சோதனைதான். ஆயினும், நான்கு நாள் உயிர் தரித்திருப்பது வேறு. இரை தேடி, பகைக்குத் தப்பி, வளர்ந்து முட்டையிடுவது வேறு அன்றோ? கனடாவில் இளஞ் சால்மன்களை ஆராய்ந்த அறிஞர்கள், கொல்லும் அளவிற்குக் குறைந்த கழிவிலும் அவற்றின் சுவாசம் தடுமாறுவதையும், நீந்தும் ஆற்றல் குன்றுவதையும் கண்டனர்.

அடையாற்றங்கரையில் கூழ் ஆலை இல்லை. ஆனால் நகரத்துச் சாக்கடை நீரும் பிராணவாயுவை இவ்வாறே குடித்துவிடும். செத்து மிதக்கும் மீன் நம் கண்ணிற் படும். வளராமலே மறைந்த குஞ்சு படாது. ஆகவே, அடுத்த முறை முகத்துவாரத்தில் நிற்கும்போது, செத்த மீன் இல்லையே என்று அமைதி கொள்ளாதீர்கள். குஞ்சுகள் துள்ளுகின்றனவா என்று பாருங்கள்.