கோடை விடுமுறையும் நம் பிள்ளைகளும்

(கழக உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் தேர்வுகள் முடியும் வேளையில் ஒரே கேள்வி நம் கழகத்தின் வாயிலுக்கு வருகிறது. எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ முடித்த பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தாய் வருகிறார். "ஐயா, பள்ளிக்கூடம் திறக்கிறவரைக்கும் இவன் சும்மா திரிவான். ஏதாவது ஒரு வேலையில் சேர்த்துவிட்டால் நாலு காசும் கிடைக்கும், பிள்ளையும் கெட்டுப்போக மாட்டான்" என்கிறார்.

அந்தத் தாயைக் குறை கூற நாம் இங்கே கூடவில்லை. வசதி படைத்த இல்லங்களில் விடுமுறை என்றால் உறவினர் ஊர், மலைவாசத்தலம், நீச்சல் வகுப்பு என்று பொருள். நம் இல்லங்களிலோ கூலிக்கு இன்னும் ஒரு கை கூடிற்று என்று பொருள். தாயும் தந்தையும் விடியுமுன் வேலைக்குப் போய்விட்ட வீட்டில் பதின்மூன்று வயதுப் பிள்ளை பகல் முழுவதும் தனியே இருக்கிறது. அது உண்மையான கவலை. அதற்கு உண்மையான விடை சொல்லுதல் நம் கடமை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாலைநேரப் பாட வகுப்பில் படித்த ஒரு மாணவனை நாங்கள் இன்றும் மறக்கவில்லை. கணக்கில் கெட்டிக்காரன். எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதிய மறுநாளே தாய்மாமனோடு செங்கல் சூளைக்குச் சென்றான். குடும்பம் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருந்தது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. பச்சைக் கல்லைப் புரட்டிப் போட ஒரு சிறு கை கூடினால் கடன் விரைவில் அடையும் என்று எண்ணினார்கள். சூளை வேலையோ மழை இறங்கும்வரை நிற்பதில்லை. ஜூனில் பள்ளி திறந்தது. அவனுடைய இடம் வெறுமையாய் இருந்தது. ஆகஸ்டில்தான் நாங்கள் தேடிச் சென்றோம். "இனிமேல் போனால் எல்லாரும் சிரிப்பார்கள், அண்ணா" என்று தலைகுனிந்து நின்றான். அவன் திரும்பவே இல்லை. அவனை நாம் இழந்தது ஆகஸ்டில் அன்று, மே மாதத்தில். அந்த மே மாதத்தில் "எங்கே போகிறாய், தம்பி?" என்று கேட்க நம்மில் ஒருவரும் இல்லை. அக்குறை அக்குடும்பத்தினுடையது அன்று, நம்முடையது.

ஆகவே நாம் ஒரு முடிவுக்கு வந்தோம். விடுமுறை வேலை நல்லதா தீயதா என்பதை மே மாதக் கூலியைக் கொண்டு அளக்கலாகாது. ஜூன் மாத வருகைப் பதிவேட்டைக் கொண்டே அளக்க வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்குத் திருப்பித் தருவது நல்ல வேலை. திருப்பித் தராதது, எவ்வளவு கூலி கொடுத்தாலும், தீய வேலை.

சட்டம் சொல்வதை ஒவ்வோர் உறுப்பினரும் அறிந்திருத்தல் வேண்டும். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் அமர்த்தலாகாது. தன் குடும்பத்தின் சொந்தத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையில், பள்ளி நேரம் போக எஞ்சிய நேரத்திலும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாம். 14 முதல் 18 வயதுக்குட்பட்டோரைச் சுரங்கம், வெடிமருந்து போன்ற ஆபத்தான தொழில்களில் சேர்க்கலாகாது. பிற இடங்களிலும் இடைவேளை உட்பட நாளொன்றுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை அறவே கூடாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தரவேண்டும். 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு அமர்த்துவோருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். முறையிட 1098 என்னும் தொலைபேசி எண் உள்ளது.

மூன்று வகை வேலைகளை நாம் வாயிலிலேயே மறுத்துவிட வேண்டும். முதலாவது, முன்பணத்தோடு வரும் வேலை. கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. ஆயினும் தந்தை வாங்கிய முன்பணத்தைப் பிள்ளையின் கை கழிக்கும் இடமெல்லாம் அம்முறை உயிரோடுதான் இருக்கிறது. இரண்டாவது, பிள்ளையைத் தொலைவில் தங்கவைக்கும் வேலை. மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகள் சிலவற்றில், மூன்றாண்டு உழைத்தால் திருமணத்துக்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டி, "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரால் இளம்பெண்களை விடுதிகளில் அடைத்துவைத்ததை நாடறியும்.

மூன்றாவது, சாதி நம் தலையில் கட்டிய வேலை. சாவு வீட்டில் பறையடிக்க, குழி வெட்ட, செத்த மாட்டை அகற்ற, கழிவு அள்ள, "அப்பனுக்குத் துணையாகப் பையனும் வரட்டும்" என்பார்கள். மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளச் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. பறையைக் கலையாகக் கற்று மேடையில் முழக்கும் பிள்ளையை நாம் வாழ்த்துவோம். ஊர்த்தெருவின் கட்டளைக்கு அடிக்கப் போகும் பிள்ளையைத் தடுப்போம். கருவி ஒன்றே, அழைப்பு வேறு.

மறுப்பு மட்டும் சொன்னால் அந்தத் தாயின் கேள்விக்கு விடையாகாது. 14 வயது நிரம்பிய பிள்ளைக்கு வீட்டுக்கு அருகிலேயே, நமக்குத் தெரிந்தவரிடம் வேலை தேடித் தருவோம். தையற்கடையில் பொத்தான் தைக்கலாம். மிதிவண்டி பழுதுபார்க்கும் கடையில் உதவலாம். நாற்றுப் பண்ணையில் செடிகளைப் பேணலாம். மளிகைக் கடையில் கணக்கு எழுதலாம். சேரும் நாளிலேயே கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம், எந்த நாளோடு வேலை முடிகிறது என்ற மூன்றையும் கழக உறுப்பினர் ஒருவர் உடனிருந்து பேசி எழுதிக்கொள்ள வேண்டும். கூலி வாரந்தோறும் பிள்ளையின் கையில் வரவேண்டும். ஒரு பகுதியைத் தாயிடம் கொடுக்கட்டும், ஒரு பகுதியில் குறிப்பேடும் பையும் வாங்கட்டும், எஞ்சியதைச் சேமிக்கட்டும். 10 வயது நிரம்பிய பிள்ளை அஞ்சலகத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம்.

அவ்வயது நிரம்பாத பிள்ளைகளுக்குக் கற்பதும் விளையாடுவதுமே வேலை. பெரியவர் துணையோடு நீந்தக் கற்கட்டும். கோடையில் கிணற்றிலும் ஏரியிலும் நாம் இழக்கும் உயிர்கள் கொஞ்சமல்ல. சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றுக்கு இம்மாதத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். அதைப் பிள்ளையையே நிரப்பச் சொல்லுங்கள். அரசு அலுவலகத்தின் படியேறிப் பேசும் துணிவும் ஒரு கல்வியே. எட்டாம் வகுப்புக்குச் செல்வோர் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வுக்கு இப்போதே பயிலட்டும். தேர்ந்தால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். சூளைக்குப் போகாமல் சம்பாதிக்கும் கூலி அது. 1892இல் சென்னை அரசு நம் மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைப் பற்றி நம் சேரி முதியோர் நினைவில் வைத்திருப்பவற்றைக் கேட்டு எழுதுவதும் இவர்கள் செய்யத்தக்க பணியாகும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். அவர்களுக்கு விடுமுறை என்பதே இல்லை. சமையல், தண்ணீர், தம்பி தங்கையர் என்று வீட்டுப் பாரம் முழுவதும் அவர்கள் இடுப்பில் ஏறுகிறது. அண்ணன் தம்பியர் அதில் பாதியைப் பகிர்ந்துகொண்டாலன்றி அப்பெண்ணுக்குப் புத்தகம் திறக்க நேரம் வாராது.

நம் நாட்டில் விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் பிறந்தது. அதன் பயனாகிய கிளை நூலகத்தில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் உறுப்பினர்? அண்ணல் அம்பேத்கர் பள்ளி மாணவராய் இருந்தபோது பம்பாயில் அவர் குடும்பம் ஒற்றை அறையில் வாழ்ந்தது. அவர் பள்ளி முடிந்ததும் சர்னி சாலைப் பூங்காவில் அமர்ந்து படிப்பது வழக்கம். அங்கே வந்த கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் அச்சிறுவனைக் கண்டு விசாரித்தார்; நூல்கள் கொடுத்தார்; தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றையும் பரிசளித்தார். பின்னர் பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைக்கவும் துணைநின்றார். 1924இல் அண்ணல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, விடுதிகளும் நூலகங்களும் அமைப்பதைத் தன் நோக்கங்களுள் வைத்ததற்கு இவ்வனுபவங்களும் காரணமாய் இருந்திருத்தல் கூடும்.

தோழர்களே! அந்தப் பூங்காவில் ஒரு பெரியவர் நின்று விசாரித்தார். நம் சேரியில் அந்த மாணவனை விசாரிக்க ஆளில்லை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவுதான்.

ஆகையால் உங்களிடம் நாம் கேட்பது பணம் அன்று. படித்த இளைஞர் ஒவ்வொருவரும் இரண்டு பிள்ளைகளின் பெயரை இன்றே எழுதிக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை அவர்கள் வீட்டுப் படியேறி, எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். கழக மண்டபம் கோடை முழுவதும் மாலையில் திறந்திருக்கும். பள்ளி திறக்கும் நாளன்று அவ்விரண்டு பிள்ளைகளும் வகுப்பில் அமர்ந்தார்களா என்று நேரில் பார்த்து வந்து இம்மண்டபத்தில் சொல்லுங்கள்.

வெள்ளி விழாக் காணும் நம் கழகத்துக்கு அந்தச் செய்தியைவிடச் சிறந்த பரிசு வேறில்லை.

ஜெய்பீம்!