மண்ணின் மலர்களும் அச்சுத் துணியும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஊர் எருத்தேன்பதி. அப்பகுதியின் சமவெளியில் பனை ஓங்கி நிற்கிறது. சித்திரையில் கொன்றை பூக்கிறது. தெற்கே இடுக்கி மலைகளில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி மலர்கிறது. 2018-இல் அது பெருமளவில் பூத்தது. இத்தகைய தாவரங்களைத் துணியில் அலங்கார வடிவமாக்க முனைவோருக்குச் சோழமண்டலக் கரையின் அனுபவம் நல்லதொரு வழிகாட்டியாகும்.

அக்கரையின் பூத்துணிகள் பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சந்தையைக் கவர்ந்தன. உள்நாட்டு நெசவைக் காக்க 1686-இல் பிரான்சும், 1700, 1721 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தும் தடைச் சட்டங்கள் இயற்றின. அத்துணிகளின் சிறப்புக்குச் சாயமும் தாவரத்திலிருந்தே கிடைத்தது ஒரு காரணம். கடுக்காய் ஊட்டிய துணியில் இரும்புக் கரைசல் கறுப்பாகும். படிகாரம் இட்ட இடத்தில் மட்டும் சாயவேர் சிவப்பாகப் பற்றும். அவுரி நீலம் தரும். 1868-இல் செயற்கை அலிசரின் கண்டறியப்பட்டபின் சாயவேர்ப் பயிர் நலிந்தது.

வடிவமைப்பின் முதற்படி செடியை அது வளரும் இடத்திலேயே கூர்ந்து நோக்குவதாகும். தொங்கும் கொன்றைச் சரம் நீள்வரிசைக்கு ஏற்றது. நெருங்கிப் பூக்கும் குறிஞ்சி உடலை நிரப்பும். விரிந்த பனையோலை கரைக்குப் பொருந்தும். மரக்கட்டையில் செதுக்க இயலாத நுண்கோடுகளை நீக்கிவிட வேண்டும். கட்டையின் ஒரு விளிம்பில் முடியும் கொடி எதிர்விளிம்பில் தொடர்ந்தால்தான் அச்சில் இடைவெளி தோன்றாது. ஒரு நிறம் கூடினால் ஓர் அச்சுக்கட்டையும் ஒரு சுற்று வேலையும் கூடும். அவுரியில் தோய்ப்பதாயின் நீலம் படக்கூடாத இடங்களை மெழுகால் மூட வேண்டும். ஆகவே, எத்தனை நிறங்கள் என்ற முடிவே துணியின் விலையையும் தீர்மானிக்கிறது.

இவ்வளவு உழைப்பில் பிறந்த வடிவத்தை இயந்திர அச்சு விரைவில் நகலெடுத்துவிடும். கைவினைஞரின் பிழைப்பு இங்குதான் ஆட்டங்காணுகிறது. இதற்குச் சட்டத்தில் இரு வழிகள் உள்ளன. தஞ்சைப் பகுதியின் கருப்பூர்க் கலம்காரி 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. இது ஊரோடு இணைந்த பெயரைக் காக்கும். 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் புதிய வடிவத்திற்கு 10 ஆண்டுகள் உரிமை வழங்குகிறது. மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். ஆனால், பொதுவாக வடிவம் வெளியிடப்படுவதற்கு முன்பே விண்ணப்பித்தாக வேண்டும். கண்காட்சியில் துணியை விரித்தபின் பதிவை நினைப்பவர் பெரும்பாலும் உரிமையை இழக்கிறார். கைவினைப் பயிற்சி நிலையங்களில் வரையக் கற்பிக்கும்போதே இதனையும் கற்பிப்பது இன்றியமையாதது.