கடைக்கோடி வயலுக்கும் நீர் பாயவேண்டும்

(வில்கமுவையில் சிங்கள, தமிழ் விவசாயிகளும் பெற்றோரும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மாத்தளை நகரத்துக்கும் இந்த வில்கமுவைக்கும் நடுவே நக்கிள்ஸ் மலைத்தொடர் நிற்கிறது. அப்பால் நகரம், இப்பால் மகாவலிக் கரையோரத்து வயல்களும் வஸ்கமுவக் காடும். ஆயினும் அரசாங்கத்தின் ஏட்டிலே இரண்டும் ஒரே மாவட்டம். இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கும் அநீதியைப் பற்றியே இன்று உங்களோடு பேச வந்துள்ளோம். நாம் தமிழில் பேசுகிறோம். நண்பர் ஒருவர் சிங்களத்தில் எடுத்துரைக்கிறார். மொழி இரண்டாயினும் வழக்கு ஒன்றே.

நம் நாட்டில் பல்கலைக்கழகக் கல்வி இலவசம் என்று பெருமையோடு கூறுகிறோம். அந்தப் பெருமைக்குக் காரணமானவர் அரசாங்க சபையின் கல்வி மந்திரியாக விளங்கிய கன்னங்கரா. அவர் தலைமையில் அமைந்த விசேட குழு 1943 ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. 1945 ஆம் ஆண்டில் பாலர் வகுப்புத் தொடக்கம் சர்வகலாசாலை வரை கட்டணமில்லை என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் ஆங்கிலக் கல்வியும் அதன் வழிவந்த உத்தியோகமும் கட்டணம் செலுத்த வல்லவரின் தனிச்சொத்தாக இருந்தன. கிராமத்துப் பிள்ளைக்கென மத்திய மகாவித்தியாலயங்களை எழுப்பியவரும் அவரே. அத்தகைய மனிதரை 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இந்நாடு தோற்கடித்தது என்பது வேறு கதை. ஆனால் அவர் நட்ட மரத்தை இன்றுவரை எவராலும் முற்றாக வெட்டிச் சாய்க்க முடியவில்லை.

வெட்ட முயன்றவர்கள் இல்லாமலில்லை. 1980களின் தொடக்கத்தில் கட்டணம் பெறும் மருத்துவக் கல்லூரியொன்று வட கொழும்பில் தொடங்கப்பட்டது. மாணவர் கிளர்ச்சியின் பின் 1989 இல் அரசு அதனைப் பொறுப்பேற்றது. மாலபேயில் எழுந்த தனியார் மருத்துவக் கல்லூரியும் நீண்ட போராட்டத்தின் பின் முடிவுக்கு வந்தது. ஆயினும் கட்டணக் கல்வி ஒழிந்துவிடவில்லை. இன்று உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோர் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகம். அரச பல்கலைக்கழகங்களில் இடம் பெறுவோரோ நாற்பதாயிரத்தை ஒட்டியவரே. எஞ்சியவர்களுள் பணமுள்ளவன் தனியார் பட்டத்தை வாங்குகிறான். பணமில்லாதவன் 2017 முதல் வழங்கப்படும் வட்டியில்லாக் கடனை நாடுகிறான், அல்லது வீட்டோடு நிற்கிறான்.

ஆகவே அரச பல்கலைக்கழகத்திலும் ஓரளவு கட்டணம் அறவிட்டால் என்ன என்று கேட்போர் உண்டு. இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்கும் என்பது நம் பழமொழி. இங்கிலாந்தில் 1998 ஆம் ஆண்டில் ஆயிரம் பவுண் என்று தொடங்கிய ஆண்டுக் கட்டணம், 2006 இல் மூவாயிரமாகி, 2012 இல் ஒன்பதாயிரம் வரை ஏறியது. செல்வ நாட்டிலேயே கதை இதுவானால், நெல் விலைக்காக ஒவ்வொரு போகமும் ஏங்கும் விவசாயியின் கதி என்ன?

ஆனால், தோழர்களே, கட்டணம் வேண்டாம் என்று முழங்கிவிட்டு வீடு திரும்பினால் நாம் பாதி உண்மையையே சொன்னவர்களாவோம். வாயிலில் கட்டணம் இல்லை. வாயிலுக்குச் செல்லும் வழியெங்கும் கட்டணம் இருக்கிறது. ரியூசனுக்குக் கட்டணம், நகரத்தில் தங்குவதற்குக் கட்டணம், பஸ்ஸுக்குக் கட்டணம். இந்நாட்டில் ஏறக்குறையப் பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. அவற்றுள் உயர்தர விஞ்ஞான வகுப்புள்ளவை, 1ஏபி என வகைப்படுத்தப்பட்டவை, ஏறக்குறைய ஆயிரமே. பத்தில் ஒன்று! உங்கள் பிள்ளைக்கு எட்டும் தூரத்தில் அது இல்லையானால், பௌதிகவியல் ஆசிரியர் வராமலே ஆண்டு கழியுமானால், வைத்திய பீடம் இலவசமாயிருந்து யாருக்குப் பயன்? மினிப்பே இடதுகரை வாய்க்கால் நீரில் பயிர் செய்யும் உங்களுக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. வாய்க்கால் தலைப்பில் நிற்பவன் தன் வயலை நிரப்பிக்கொண்டு, நீர் எல்லோருக்கும் பொது என்கிறான். சட்டப்படி அவன் சொல்வது சரி. கடைக்கோடி வயல் காய்வதும் உண்மை.

இந்தக் குறையை அறிந்தே மாவட்ட ஒதுக்கீடு கொண்டுவரப்பட்டது என்பர். அந்த வரலாற்றை ஒளிவின்றிப் பேசுவோம். 1971 ஆம் ஆண்டில் தரப்படுத்தல் என்ற பெயரால் மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 229 புள்ளியும் தமிழில் எழுதியவருக்கு 250 புள்ளியும் வெட்டுப்புள்ளியாக வைக்கப்பட்டன. பிள்ளை எழுதிய மொழியைக் கண்டு புள்ளியை அளந்த அச்செயலை நாம் அன்றும் எதிர்த்தோம், இன்றும் மன்னிக்கவில்லை. அது மூட்டிய தீயில் ஒரு தலைமுறையே வெந்தது. ஆனால் 1974 இல் வந்த மாவட்ட முறையைப் பற்றித் தமிழ் மேடைகளில் நாம் சொல்லத் தயங்கிய ஓர் உண்மை உண்டு. யாழ்ப்பாணத்துப் பிள்ளை அதனால் இழந்தான். மன்னாரிலும் வன்னியிலும் இருந்த பிள்ளை அதனால் பெற்றான். பின்தங்கிய இடத்துக்குக் கைகொடுப்பது குற்றமன்று. கைகொடுக்கும் இடத்தைத் தவறாக அளப்பதே குற்றம்.

இன்றைய முறை யாது? பெரும்பாலான துறைகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படி; 55 இடங்கள் மாவட்டங்களின் மக்கள் தொகைப்படி; எஞ்சிய 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அத்தகைய மாவட்டங்கள் பதினாறு. நுவரெலியா உண்டு, பதுளை உண்டு, மொனராகலை உண்டு, பொலன்னறுவை உண்டு. மாத்தளை இல்லை! மாவட்ட எல்லைக்கு அப்பால் பொலன்னறுவைப் பிள்ளை பின்தங்கியவன்; இப்பால் அதே வெயிலில், அதே யானைப் பயத்தில் வளரும் வில்கமுவைப் பிள்ளை முன்னேறியவன். மாவட்ட ஒதுக்கீட்டிலும் அவன் போட்டியிட வேண்டியவன் மாத்தளை நகரத்துப் பெரிய கல்லூரி மாணவனோடுதான்.

இதே அநீதி மலைக்கு அப்பாலும் உண்டு. இறத்தோட்டைத் தோட்டத்து லயத்தில் வாழும் தமிழ்த் தொழிலாளியின் மகளும் அதே மாத்தளை மாவட்டக் கணக்கில் அடங்குகிறாள். தமிழ் மொழியில் விஞ்ஞானம் கற்பிக்கும் வகுப்பு அவளுக்கும் தூரமே. வில்கமுவைச் சிங்களப் பிள்ளையும் இறத்தோட்டைத் தமிழ்ப் பிள்ளையும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆனால் ஒரே வாய்க்காலின் கடைக்கோடியில் இருவரும் நிற்கின்றனர். அவர்களுடைய தந்தையரை ஐம்பது ஆண்டுகளாக எதிரெதிர் மேடைகளில் அமர்த்தி வைத்தோமே, அந்தப் பிழையில் நமக்கும் பங்குண்டு.

சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் ஒன்று கூறுவோம். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை, எல்லா மட்டங்களிலும் கல்வியை அடையும் வாய்ப்பு யாவருக்கும் சமமாக உறுதிப்படுத்தப்படும் என்று பறைசாற்றுகிறது. மாவட்ட ஒதுக்கீடு சமத்துவத்துக்கு முரண் என்று தொடுக்கப்பட்ட வழக்கில், சில ஆண்டுகளுக்குள்ளேயே உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. சமமற்றவர்களைச் சமமாக நடத்துவது சமத்துவமாகாது என்பது சட்டத்தின் அரிச்சுவடி. ஆனால் 29 ஆம் உறுப்புரையைப் புரட்டிப் பாருங்கள்: அந்த வாக்குறுதியை எந்த நீதிமன்றத்திலும் வற்புறுத்த முடியாது! ஆகவே இவ்வழக்கை நீதிமன்றத்தில் மட்டும் வைத்து வெல்லவியலாது. மக்கள் மன்றத்திலேயே வைக்கவேண்டும்.

நாம் கேட்பவை நான்கு.

முதலாவது, அரச பல்கலைக்கழகத்தில் முதற் பட்டத்துக்கு எந்தப் பெயரிலும் கட்டணம் கூடாது.

இரண்டாவது, பின்தங்கிய நிலையை மாவட்டத்தைக் கொண்டு அளப்பதை விடுத்துப் பாடசாலையைக் கொண்டு அளக்கவேண்டும். இது முடியாத காரியமன்று. ஆசிரியர் இடமாற்றத்துக்கென அரசாங்கமே கஷ்டப் பிரதேசப் பாடசாலை, அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலை என்று பட்டியல் வைத்திருக்கிறது. ஆசிரியருக்குக் கஷ்டமான பாடசாலை மாணவனுக்கு மட்டும் சுகமானதா? தமிழ்நாட்டில் 2020 ஆம் ஆண்டில் மருத்துவ இடங்களுள் நூற்றுக்கு 7.5 அரசுப் பள்ளி மாணவருக்கெனச் சட்டத்தால் ஒதுக்கப்பட்டது. அவர்களின் கட்டணத்தை அரசே ஏற்றது. அங்கு இயன்றது இங்கு ஏன் இயலாது?

மூன்றாவது, இடம் ஒதுக்கினால் மட்டும் போதாது. விஞ்ஞான வகுப்பும், நிரந்தர ஆசிரியரும், விடுதியும் சிங்களத்திலும் தமிழிலும் இப்பிரதேசப் பிள்ளைகளுக்கு வேண்டும். விதைக்காத வயலில் அறுவடைக்குப் பங்கு பேசிப் பயனில்லை.

நான்காவது, 1981 இல் தொடங்கிய மகாபொல உதவி பிள்ளையின் வயிற்றுக்குப் போதுமானதாயும் காலந்தவறாததாயும் இருக்கவேண்டும். 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அதனை மாதம் 7,500 ரூபாவாக உயர்த்த முன்மொழிந்தது. அறை வாடகையையும் மூன்று வேளைச் சோற்றையும் நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். தொகை உயரும்போதெல்லாம் விலையும் உயர்ந்தால் பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்பான்.

நகரத்துப் பெற்றோர் இதனால் அஞ்சலாம். தம் பிள்ளையும் இரவு பகலாக உழைத்தே புள்ளி பெற்றான் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர்களிடமிருந்து பறித்து உங்களுக்குத் தரும்படி நாம் கேட்கவில்லை. ஆண்டுதோறும் தகுதி பெற்றும் வெளியே நிறுத்தப்படும் இலட்சம் பிள்ளைகளுக்காக இடங்களைப் பெருக்கட்டும்; பெருகும் இடங்களில் முதற்பங்கு கடைக்கோடிக்கு வரட்டும் என்கிறோம். வாய்க்காலில் நீர் கூடும்போது கடைமடையிலிருந்து பங்கிடுவதால் தலைமடை காய்ந்துவிடாது.

தோழர்களே, அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர் எக்கட்சியினராயினும், நம் கட்சியினரேயாயினும், அவரிடம் மதகைப் பற்றியும் யானை வேலியைப் பற்றியும் கேட்பதோடு நில்லாதீர்கள். எங்கள் பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியர் எப்போது வருவார் என்றும் கேளுங்கள். இறத்தோட்டையிலும் அதே கேள்வியைக் கேட்கச் சொல்வது எங்கள் பொறுப்பு. இரண்டு மொழியில் ஒரே கேள்வி எழும் நாளில் எந்த அரசாங்கமும் செவிடாயிருக்க முடியாது.