தினை முற்றியதும் தலைவி ஏன் கலங்குகிறாள்?

பாட்டின் குறிப்புப் பொருள் மொழி தாண்டுமா? சங்கக் குறிஞ்சிப் பாட்டில் தினை முற்றிவிட்டது என்று தோழி தலைவனிடம் சொன்னால், அதில் ஓர் அவசரம் இருக்கிறது. கதிர் கொய்தபின் தலைவிக்குக் கிளி ஓட்டும் வேலை கிடையாது. புனத்தில் தலைவனைச் சந்திக்க வழியும் கிடையாது. அதனால்தான் தோழி அவனிடம், சீக்கிரம் பெண் கேட்டு வா என்கிறாள். சவ்வாது மலைப் புதூர்நாட்டில் சாமை விதைத்துக் காவல் காப்பவருக்கு இது சட்டென்று பிடிபடும். நகரத்துத் தமிழருக்கு விளக்கம் வேண்டும். ஒரே மொழிக்குள்ளேயே இப்படியென்றால், குறிப்புப் பொருள் நிற்பது பழகிய வாழ்க்கையின் மேல்தான்.

அப்படியானால் அயலார் ரசிக்கவே முடியாதா என்று கேட்கலாம். தாராளமாக முடியும். 1967இல் ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தபோது, நிலத்தோடு உணர்வை இணைக்கும் திணை மரபை விளக்கும் நீண்ட பின்னுரையையும் சேர்த்தார். பாட்டோடு அதன் நிலமும் கடல் கடந்தது. தினைப்புனமே பார்க்காதவர்களும் அவற்றை இன்றுவரை விரும்பிப் படிக்கிறார்கள்.