மலையை அறிந்தவர் எழுதட்டும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் காலை எட்டு மணி முதல் ஐந்து நிமிட நேரம், இலங்கை முழுவதும் மக்கள் தத்தம் காணியில் நின்று குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணினர். பயிரழிவைத் தடுக்க வழிதேடி அரசாங்கம் செய்த ஏற்பாடு அது. பொதுமக்களே கணக்கெடுப்போர் ஆயினர் என்பது அதன் சிறப்பு. ஆனால் ஒரு குரங்குக் கூட்டம் வேலி தாண்டிச் சென்றால், இரு வீட்டாரும் அதனையே எண்ணிவிடக்கூடும். இலைமறைவில் இருப்பது எவர் கணக்கிலும் வராது. எண்ணியோரின் நேர்மையிற் குறையில்லை, முறையிலேதான் குறை.

இது நமக்கு ஏன் என்பீர்கள். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலே, லயத்தின் பின்னால் நட்ட மரவள்ளியைப் பன்றி கிளறிவிட்டால், அன்றாடச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது பெரிய இழப்பு. ஆத்திரத்தில் கம்பிச் சுருக்கு வைக்கிறோம். வைப்பவர் அந்நியர் அல்லர், நம்மவரே. 2020ஆம் ஆண்டு மே மாதம், சிவனொளிபாத மலைக்கு அப்பாலுள்ள நல்லதண்ணியில், அரிதினும் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் அகப்பட்டது. மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்றும் அது பிழைக்கவில்லை. பன்றிக்கு வைத்த சுருக்கு சிறுத்தையென்று பார்க்குமா? நாளை நம் பிள்ளையின் கால் என்றுதான் பார்க்குமா?

எந்த ஓடையருகே மந்தி இறங்கும், எந்தப் பாதையிற் சிறுத்தையின் தடம் கிடக்கும் என்பதைக் கொழுந்து பறிக்கும் தாய்மாரும் இறப்பர்ப் பால்வெட்டும் தொழிலாளரும் அறிவர். ஆயினும் அது எங்கும் எழுதப்படவில்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். நாளும் இடமும் தொகையும் குறித்த ஏடு அம்பலம் ஏறும். பயிரழிவை முறையிடவும் அதுவே நமக்குச் சாட்சி.

தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தொண்டர்கள் பறவைகளைக் கணக்கெடுக்கின்றனர். குறைந்தது பதினைந்து நிமிடம் கவனித்து, கண்டவற்றைப் பொது இணையப் பதிவில் சேர்க்கின்றனர். ஒவ்வோராண்டும் அதே நாட்களில் எண்ணுவதால், கூடியது எது, குறைந்தது எது என்று ஒப்பிட இயலுகிறது.

வரும் தைப்பொங்கலில் நாமும் தொடங்குவோம். தோட்டத்துக்கு நால்வர் போதும். ஒரே நேரத்தில், ஆளுக்கொரு மலையில் நின்று எண்ணுக. கூட்டம் எத்திசையில் வந்தது, எத்திசையில் போனது என்று குறித்தால் இரட்டைக் கணக்கு நீங்கும். இளைஞர் எழுதட்டும், மூத்தோர் இனம் காட்டட்டும். சிறுத்தையின் தடத்தை எவரும் பின்தொடரலாகாது. சுருக்கில் விலங்கு சிக்கியிருந்தால் அருகிற் செல்லாது, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். சுருக்கு வைத்தவரை ஊரார் முன் நிறுத்தி இழிவு செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் சுருக்கு இன்னும் மறைவான இடத்துக்கே போகும். அவருடைய மரவள்ளிப் பாத்திக்கு வேலிகட்ட இளைஞரை அனுப்புங்கள். வேலி எழுந்த இடத்திற் சுருக்குக்கு வேலையில்லை.

மயிலை வேலன் ஊர்தியென வணங்கும் நாம், அதனைக் காட்டிலும் காக்கக் கற்போமாக.